பதினோராவது விதியும் ஒரு பின்கள ஆட்டக்காரனும்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் யாப்பில் பதினோராவது விதி இப்படிச் சொல்கிறது: ‘ஓர் ஆட்டக்காரர் எமது கல்லூரியில் படித்தவர் என்பதை உறுதிப்படுத்தும்படி அதிபருக்குக் கடிதம் அனுப்பித் தொண்ணூறு நாட்களுக்குள் பதில் வராவிடில், தாமதத்துக்கு நாட்டு நிலைமை காரணமாக இருக்குமிடத்து, அவர் ஒப்பமிட்ட சத்தியக் கூற்றும் இரண்டு பழைய மாணவர்களின் சாட்சி ஒப்பமும் போதுமானவை. அவ்வாறு ஏற்கப்பட்டவர் எல்லாத் தேவைகளுக்கும் பழைய மாணவராகவே கருதப்படுவார்.’

நல்ல விதி. சங்கச் செயலாளராக நான் எழுதியது. ‘எல்லாத் தேவைகளுக்கும்’ என்ற இரண்டு சொற்களை அதில் சேர்ப்பதற்காக ஒரு ஞாயிறு மத்தியானம் முழுவதும் செயற்குழுவுடன் வாதாடினேன். ஒரு லண்டன் கவுன்சிலில் முப்பத்தொரு வருடம் குழுக் கூட்டங்களுக்குக் குறிப்பெடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு விதியை எப்படி எழுதினால் யாரும் நழுவ முடியாது என்பது எனக்குத் தெரியும். எப்படி நழுவுவது என்பதும் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தையே கல்லூரி என்போம், தலைமையாசிரியரை அதிபர் என்போம். ஆறாம் வகுப்பில் சேர்ந்த இடத்தின் பெயரை ஆயுள் முழுவதும் சுமப்போம். லண்டனுக்கு வந்த பிறகும் அதை இறக்கி வைக்கவில்லை. ஒவ்வொரு கல்லூரிக்கும் ஒரு பழைய மாணவர் சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் வருடத்துக்கு ஒரு விருந்து, ஒரு மலர், ஓர் உதைபந்தாட்ட அணி. அணிகள் எல்லாம் சேர்ந்து ஒரு லீக் நடத்தின. அதில் மூன்று பிரிவுகள். நான்காம் பிரிவு என்று ஒன்று இல்லாததால் நாங்கள் மூன்றாம் பிரிவில் இருந்தோம்.

பெரிய கல்லூரிகளுக்கு ஆள் சேர்ப்பது சிரமமில்லை. அவற்றின் பெயரைக் கேட்டாலே ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எங்கள் கல்லூரியின் பெயரைச் சொன்னால், ‘அது எந்தப் பக்கம்?’ என்று கேட்பார்கள். எங்கள் உறுப்பினர் பட்டியலில் மருத்துவர்கள் இருந்தார்கள், கணக்காளர்கள் இருந்தார்கள், பொறியியலாளர்கள் இருந்தார்கள். ஓடக்கூடிய முழங்கால்தான் ஒருவரிடமும் இல்லை. எண்பதுகள் முழுவதும் நாற்பது வயதுக்காரர்களை வைத்தே ஒப்பேற்றினோம். இரண்டு பருவங்கள் எங்கள் கோல்காப்பாளராக நின்றவர் ஒரு பல் வைத்தியர். பந்து பலமாக வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். கேட்டால், திங்கட்கிழமை அந்தக் கைகளுக்கு வேலை இருக்கிறது என்பார்.

தொண்ணூறுகளில் இளைஞர்கள் வந்திறங்கினார்கள், அகதிகளாக. கால்கள் இருந்தன, பத்திரங்கள் இல்லை. பெரிய கல்லூரிகளின் சங்கங்கள் அவர்களுக்கு அறை பார்த்துக் கொடுத்தன, வேலை பிடித்துக் கொடுத்தன, கார் ஓட்டப் பழக்கின. நாங்கள் யாப்பில் ஒரு பிரதி கொடுத்தோம்.

கள்ளமும் நடந்தது. ஒரு சங்கத்தின் நடுக்களத்தில் ஒரு பருவம் முழுவதும் பிரமாதமாக ஆடியவர் ஒரு மலேசியத் தமிழர். இங்கே படிக்க வந்து, வங்கியில் வேலையாகித் தங்கிவிட்டவர். யாழ்ப்பாணத்தை அவர் படத்தில்கூடப் பார்த்திருக்கமாட்டார். ஆட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அவரிடம் கேட்டேன்.

“நீங்கள் எந்த வருசம் அங்க படிச்சனீங்கள்?”

“ஆமாங்க,” என்றார்.

இந்த ‘ஆமாங்க’வுக்குப் பிறகுதான் லீக் எல்லாச் சங்கங்களையும் அதிபரின் கடிதம் வாங்கச் சொன்னது. எங்கள் தலைவருக்கு அது மட்டும் போதவில்லை. அவர் வட லண்டனில் சொந்தமாக மருத்துவ நிலையம் வைத்திருந்த டொக்டர். கடிதத்தில் ஆட்டக்காரரின் நடத்தையைப் பற்றியும் அதிபர் ஒரு வரி எழுதவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். “எங்களுக்குக் காலை விடக் குணம் முக்கியம்” என்பது அவர் ஒவ்வொரு வருடாந்த விருந்திலும் சொல்லும் வசனம். கால் கிடைக்காத சங்கம் குணத்தைப் பற்றிப் பேசுவது இயல்புதான்.

எங்கள் பயிற்சியாளர் பஸ் ஓட்டுபவர். எனக்குப் பத்து வருடம் இளையவர், அதே கல்லூரிக்காரர். வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வேயில் இருக்கும் முருகன் கோயிலுக்கு வருவார், சாமி கும்பிட மட்டுமல்ல. மத்தியானப் பூசை முடிந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் நிற்பவர்களின் கெண்டைக்கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடப்பார். ஒருமுறை ஓர் அம்மா அவரைக் கோயில் நிர்வாகத்திடம் முறையிட்டுவிட்டார்.

அவர் அந்தப் பின்கள ஆட்டக்காரனைக் கண்டுபிடித்தது அங்கேதான். ஒருவருடைய அர்ச்சனைப் பையிலிருந்து தோடம்பழங்கள் கொட்டி, கோயில் வாசலைத் தாண்டி மேட்டிலிருந்து கீழே உருண்டன. வாசலில் நின்றவன் ஒன்றைப் பாதத்தால் நிறுத்தி, இன்னொன்றை மற்றக் காலால் நிறுத்தி, இரண்டையும் பார்க்காமலே பக்கத்தில் நின்றவருடன் பேசிக்கொண்டிருந்தானாம். பயிற்சியாளர் எனக்குப் போன் பண்ணினார்.

“அண்ணை, உடன வாங்கோ. எங்கட பள்ளிக்கூடமாம். சாப்பிட்டுக்கொண்டு நிக்கிறான். முடிக்க முதல் வாங்கோ, மற்றவங்கள் கண்டால் கொத்திக்கொண்டு போயிடுவாங்கள்.”

அவனுக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். தென் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் ஒரு கடைக்கு மேலே அறையொன்றில் இன்னும் மூவருடன் இருந்தான். ஒரு பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. அகதி விண்ணப்பத்தை ஒருமுறை நிராகரித்திருந்தார்கள், மேன்முறையீடு செய்திருந்தான். கோயிலின் கீழ்மண்டபத்தில் அவனை உட்காரவைத்து, நான் தயாரித்திருந்த கேள்விப் படிவத்தை எடுத்தேன். பெரும்பாலான கேள்விகள் கல்லூரி வளவைப் பற்றியவை. உண்மையில் படித்தவனுக்குத்தான் தெரியும் என்று நான் தெரிந்தெடுத்தவை. கிணறு எங்கே, விஞ்ஞானக் கூடத்துக்கு எத்தனை படி, மைதானத்தில் மழைத் தண்ணீர் எந்த மூலையில் நிற்கும். எல்லாவற்றுக்கும் தயங்காமல் சொன்னான். கடைசிக் கேள்வி மணியைப் பற்றியது.

“மணி எங்க தொங்குது?”

“பாடம் மாறுறதுக்கோ சேர்? அதுக்கு மணி இல்லை. விசில்தான்.”

“பள்ளிக்கூடத்தில விசிலோ?”

“மணி இருக்கு. அது பிளேன் வந்தால் மட்டும் அடிக்கிறதுக்கு. மணி கேட்டால் எல்லாரும் பங்கருக்க ஓடுவம். பாடத்துக்கும் அதையே அடிச்சால் சின்னப் பிள்ளையள் குழம்பிப் போடுங்கள் எண்டு, பாடத்துக்கு விசில் ஊதுறவை.”

நான் படித்த காலத்தில் மணி அலுவலக வாசலில் தொங்கியது, மணிக்கூடு தவறினாலும் அது தவறாது. பயிற்சியாளர் பக்கத்தில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்தார்.

“அண்ணை, உவன்ர காலைக் கேளுங்கோ. மணியைக் கேட்டு என்ன செய்யப் போறியள்?”

படிவத்தில், ‘மணி: விடை பொருந்தவில்லை’ என்று எழுதினேன். அவன் சொன்ன விளக்கத்தை நம்பினேன். ஆனால் விளக்கம் எழுதுவதற்குப் படிவத்தில் இடம் இல்லை. படிவத்தைத் தயாரித்தவனும் நான்தான்.

அடுத்த நாளே அதிபருக்கு விமானத் தபால் எழுதினேன். படித்த வருடங்கள், விளையாட்டு, நடத்தை ஆகிய மூன்றையும் உறுதிப்படுத்தும்படி கேட்டேன். அது தொண்ணூற்றைந்து செப்டம்பர் மாதம். அதற்கு அடுத்த மாதக் கடைசியில் யுத்தம் நெருங்க, எங்கள் கல்லூரி இருந்த வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் வெளிக்கிட்டது. அதிபரும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு மழையில் பாலத்தைத் தாண்டினார்கள். கல்லூரியில் என் கடிதத்தை வாங்க ஒருவரும் இல்லை என்பதை ஹரோவில் என் வீட்டு முன்னறையில் செய்தி கேட்டுத் தெரிந்துகொண்டேன். கோப்பில் ‘பதில் எதிர்பார்க்கப்படுகிறது’ என்று எழுதி வைத்தேன்.

டிசம்பர் கடைசியில் தொண்ணூறு நாட்கள் முடிந்தன. விதிப்படி சத்தியக் கூற்றைத் தட்டச்சுச் செய்தேன். அவன் ஒப்பமிட்டான். முதல் சாட்சியாகப் பயிற்சியாளர் ஒப்பமிட்டார். இரண்டாவது சாட்சிக்கான கோடு வெறுமையாக இருந்தது, அது எனக்கானது. தற்காலிகப் பதிவில் அவன் ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்ததால் அவசரமில்லை என்று கோப்பை மூடினேன்.

அவன் ஆடிய விதத்தை நான் எழுதினால் மிகைப்படுத்துகிறேன் என்பார்கள். பின்களத்தில் ஓடித்திரிந்து ஆடுபவன் அல்ல. பந்து எங்கே வரும் என்று தெரிந்து அங்கே முன்பே போய் நிற்பான், பஸ்ஸுக்கு நிற்பவன் போல. ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிப்ட் முடிந்து நேராக மைதானத்துக்கு வருவான். பூட்ஸைப் போட்டுக்கொண்டு உடுப்பு மாற்றும் அறையின் வாங்கில் படுத்து, ஆட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்வரை தூங்குவான். உடம்பெல்லாம் பெற்றோல் மணக்கும். எதிரணிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

“டேய் பெற்றோல்! நெருப்புப்பெட்டி கொண்டு வரட்டே?”

“கொண்டு வாங்கோ அண்ணை. உங்கட ரீம் விறைச்சுப் போய் நிக்குது, கொஞ்சம் சூடு காட்டுவம்.”

அன்று அவர்கள் மூன்று கோல் வாங்கினார்கள். டொக்டர் அவனுடைய தோளைத் தட்டி, “இதுதான் எங்கட கல்லூரிக் குணம்” என்றார். ஏப்ரல் மாதம் வந்தபோது, கடைசி ஆட்டத்தில் வென்றால் நாங்கள் இரண்டாம் பிரிவுக்கு ஏறுவோம் என்ற நிலை. இது சங்கத்தின் வரலாற்றில் நடந்திராத விடயம். நான் வருடாந்த மலருக்கான செயலாளர் அறிக்கையை முன்கூட்டியே தட்டச்சுச் செய்து வைத்தேன். ‘இரண்டாம் பிரிவு’ என்ற சொற்களை அடிக்கோடிட்டேன்.

மூன்றாம் பிரிவில் நடுவர் ஒருவரை லீக் அனுப்பும். கோட்டோரம் கொடி பிடிக்க இரண்டு பேரை அணிகளே கொடுக்கவேண்டும். எங்கள் பக்கத்துக்கு எப்போதும் நான்தான். ஓடத் தெரியாது, விதி தெரியும்.

கடைசி ஆட்டம் மிச்சத்தில். கவுன்சில் மைதானம், காற்று, ஆளுக்கொரு கோல் என்ற நிலை. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு மூலை உதை கிடைத்தது. பின்களத்திலிருந்து அவனும் முன்னே வந்தான். பந்து உயர்ந்து வந்தது, கூட்டத்துக்குள் எல்லோரும் எழும்பினார்கள், அவன் மீது பட்டு வலைக்குள் போனது. நடுவரின் பார்வையை இரண்டு முதுகுகள் மறைத்திருந்தன. அவர் என் பக்கம் திரும்பினார். நான் இருபது மீற்றர் தூரத்தில், மறைப்பு ஒன்றும் இல்லாமல் நின்றேன். கொடி என் கையில் கீழேயே இருந்தது. நடுவர் மைதானத்தின் நடுவைக் காட்டி ஊதினார். கோல்.

டொக்டர் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார். பல் வைத்தியர் என்னைக் கட்டிப்பிடித்தார். அப்போது அவன் கையை உயர்த்திக்கொண்டு நடுவரிடம் போனான். முழங்கைக்குக் கீழே தொட்டுக் காட்டினான்.

“கையில பட்டது சேர்,” என்றான். நடுவர் ஆங்கிலேயர், தமிழ் விளங்காது. ஆகவே ஆங்கிலத்தில் இன்னொரு முறை சொன்னான்.

நடுவர் அவனுடைய கையைப் பார்த்தார். பிறகு என்னுடைய கொடியைப் பார்த்தார். கோலை ரத்துச் செய்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்தது, நாங்கள் மூன்றாம் பிரிவிலேயே இருந்தோம்.

உடுப்பு மாற்றும் அறையில் டொக்டர் குரலை உயர்த்தவில்லை. நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்லும் தொனியில்தான் பேசினார்.

“தம்பி, உம்மட்டை ஆராவது கேட்டவையோ?”

“இல்லை ஐயா.”

“ரெஃபரி கோல் குடுத்தவர். லைன்ஸ்மன் குடுத்தவர். நீர் ஆர் இல்லையெண்டு சொல்ல?”

“பட்டதெல்லோ ஐயா.”

“பெரிய உத்தமர். கண்டறியாத நேர்மை.” டொக்டர் கோட்டை மாட்டிக்கொண்டார். “ஒரு வருச உழைப்பு. கக்கூசுக்க போட்டுத் தண்ணி ஊத்திப் போட்டீர்.”

அவன் பூட்ஸ் நாடாவை அவிழ்த்துக்கொண்டே சிரித்தான். பகிடி என்று நினைத்துவிட்டான்போல. ஒருவரும் சேர்ந்து சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். நான் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்று கிழமைகள் கழித்து ஒரு சனிக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தான். மிச்சத்திலிருந்து ஹரோவுக்கு வருவதற்குள் மழையில் நன்றாக நனைந்திருந்தான். வாசலில் சப்பாத்தைக் கழற்றினான், காலுறைகள் கம்பளத்தில் ஈரம் பதித்தன. மனைவி துவாய் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்ரிக் பையில் சுற்றிய கடிதமொன்றை எடுத்தான். அவனுடைய அகதி வழக்கைப் பார்க்கும் சொலிசிற்றர் எழுதியது.

“நான் கொழும்பிலதான் இருந்தனான், அங்க ஆபத்தில்லை எண்டு குடிவரவுக்காரர் சொல்லுகினம் சேர். யாழ்ப்பாணத்தில இருந்ததுக்கு ஆதாரம் கேக்கினம். என்ர பேப்பர் எல்லாம் வரேக்க வழியில போட்டுது. பள்ளிக்கூடச் சங்கம் ஒரு கடிதம் தந்தால் காணுமாம்.”

“விசாரணை எப்ப?”

“யூன் நடுவில. இதுதான் கடைசி. இதில விட்டால் திருப்பி அனுப்பிப் போடுவினம்.”

“அதிபரின்ர பதில் இன்னும் வரேல்லையே.”

“அவர் எங்க இருக்கிறார் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது சேர். ஆனா டிசம்பரில ஒரு பேப்பரில சைன் வச்சனான். அது இருக்குத்தானே?”

இருந்தது. அவன் உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பின்னால் இருந்த அலுமாரியில், இரண்டாவது தட்டில் இருந்தது. பேனா என் சட்டைப் பையில் இருந்தது. வெறுமையாக இருந்த கோட்டில் நான் ஒப்பமிட்டால் பதினோராவது விதி நிறைவேறும். அவன் எல்லாத் தேவைகளுக்கும் பழைய மாணவனாவான். செயலாளர் என்ற முறையில் அன்றைக்கே கடிதம் கொடுக்க எனக்கு அதிகாரம் இருந்தது. இதில் யாரையும் கேட்கவேண்டிய அவசியமில்லை.

“இது செயற்குழுவுக்குப் போகவேணும்,” என்றேன்.

“இஞ்சாருங்கோ,” என்றாள் மனைவி, தேநீரை வைத்துக்கொண்டே. “ஒரு கடிதம்தானே. எழுதிக் குடுங்கோவன்.”

“நடைமுறை எண்டு ஒண்டு இருக்கு.”

“ஓம் சேர், கேட்டுச் செய்யுங்கோ,” என்றான் அவன். “அவசரமில்லை. இன்னும் நாலு கிழமை இருக்கு.” தேநீரைக் குடித்து முடித்தான். போகும்போது கம்பளத்தில் பதிந்திருந்த ஈரத்தைத் துவாயால் ஒற்றிவிட்டுப் போனான்.

செயற்குழு டொக்டரின் வீட்டில் கூடியது. டொக்டர், பயிற்சியாளர், நான், இன்னும் இரண்டு உறுப்பினர்கள். அந்த இருவரும் எந்தக் கூட்டத்திலும் றோல்ஸ் சாப்பிடுவதற்கு மட்டுமே வாயைத் திறப்பவர்கள். பயிற்சியாளர் ஷிப்ட் உடுப்போடு வந்திருந்தார், கழுத்துப்பட்டியைக்கூடக் கழற்றவில்லை.

“உவரைப் பற்றி அதிபர் என்ன சொல்லுறார்?” என்று டொக்டர் தொடங்கினார்.

“பதில் இல்லை,” என்றேன்.

“அப்ப நாங்கள் என்னத்தை வச்சு எழுதுறது?”

“டொக்டர், அதிபர் எந்த மரத்துக்குக் கீழ இருக்கிறாரோ தெரியாது,” என்றார் பயிற்சியாளர். “அதுக்குத்தானே விதி இருக்கு. அண்ணை, பதினொண்டை எடுத்து வாசியுங்கோ.”

வாசித்தேன். நிதானமாக, நிறுத்தற் குறிகள் விளங்கும்படி வாசித்தேன். பிறகு சொன்னேன்: “இந்த விதி சந்தேகம் இல்லாத ஆளுக்கு. இவரில ஒரு சந்தேகம் பதிவில இருக்கு.” கோப்பிலிருந்து கேள்விப் படிவத்தை எடுத்தேன். “‘மணி: விடை பொருந்தவில்லை.’”

விதியில் சந்தேகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது எனக்கும் தெரியும், பயிற்சியாளருக்கும் தெரியும்.

“அவன் ஏனெண்டு சொன்னவன். நானும் நிண்டனான், நீங்களும் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்.”

“பதிவில விளக்கம் இல்லை.”

“பதிவு எழுதினது நீங்கள்தானே!”

“ஓம். அதால தான் சொல்லுறன், இல்லை எண்டு.”

பயிற்சியாளர் கதிரையை என் பக்கம் திருப்பினார்.

“அண்டைக்கு நீங்கள் கொடியைத் தூக்காமல் நிண்டனீங்கள். அது எந்தப் பதிவில இருக்கு அண்ணை?”

றோல்ஸ் சாப்பிட்டவர்கள் தட்டைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒருவரும் மறுத்திருக்கமாட்டார்கள். ஆனால் பார்த்தேன். பந்து அவனுடைய கையில் பட்ட இடத்தையும், பட்ட சத்தத்தையும் இன்றைக்கும் சொல்லமுடியும். அத்தனை பேர் நடுவில் நடுவர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்த அந்த இரண்டு விநாடிகளுக்காகத்தான் அன்று அந்த மேசையில் கோப்பைத் திறந்தேன். இரண்டாம் பிரிவுக்காக அல்ல. டொக்டருக்கு இரண்டாம் பிரிவு முக்கியம். எனக்கு வேறு காரணம்.

“மரியாதையாக் கதைக்கவேணும்,” என்றார் டொக்டர். “நான் வாக்குக்கு விடுறன்.”

கடிதம் கொடுக்கலாம் என்று பயிற்சியாளர் மட்டும் கை உயர்த்தினார். மற்ற நான்கு கைகளும் எதிர்ப்பக்கம். செயலாளருக்கு வாக்கு இருக்கிறதா என்று றோல்ஸ் சாப்பிட்டவர்களில் ஒருவர் கேட்டார். யாப்பின்படி இருக்கிறது என்றேன்.

சொலிசிற்றருக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் மூன்று வரிகள். அதிபருக்கு எழுதியிருக்கிறோம், பதிலை எதிர்பார்த்திருக்கிறோம், அது கிடைக்கும்வரை எதையும் உறுதிப்படுத்தும் நிலையில் இல்லை. ஒரு பொய்யும் கிடையாது. என் வேலைக் காலம் முழுவதிலும் நான் எழுதிய மிகத் துல்லியமான கடிதங்களில் அதுவும் ஒன்று. அதைப் பார்த்த சொலிசிற்றர், இப்படியொரு கடிதத்தைக் கொடுப்பதை விடக் கொடுக்காமல் விடுவது நல்லது என்றாராம்.

விசாரணைக்குப் பயிற்சியாளர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார். அவன் எங்கள் அணியோடு எடுத்த படமொன்றைக் கொண்டுபோயிருந்தான். சட்டையில் கல்லூரிச் சின்னத்தோடு பின்வரிசையில் நிற்கிறான். பயிற்சியாளர் அடுத்த நாள் எனக்குப் போனில் சொன்னது இது.

“படத்தைப் பார்த்திட்டு ஒரு கேள்விதான் கேட்டவை அண்ணை. ஒரு வருசமா உன்னை வச்சு விளையாடின சங்கம், நீ தங்கட பள்ளிக்கூடம் எண்டு ஏன் எழுதித் தரேல்லை எண்டு.”

“என்ன சொன்னவன்?”

“அவை பிழையில்லை, அதிபரின்ர பதில் வரேல்லை, அதுதான் எண்டு சொன்னவன். உங்களுக்காகக் கதைச்சவன் அண்ணை, அந்த மோடன். உங்களுக்காக.”

பிறகு அவர் தூஷணத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அதற்குப் பிறகு கூட்டங்களுக்கு வரவில்லை.

மேன்முறையீடு தள்ளுபடியானது. ஓகஸ்ட் மாதம் அவனைக் கொழும்புக்கு விமானம் ஏற்றினார்கள். அவன் இறங்கினான் என்பது வரைக்கும் பயிற்சியாளருக்குத் தெரியும் என்று கோயிலில் வேறொருவர் சொன்னார். அதற்குமேல் பயிற்சியாளர் என்னிடம் சொல்லவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ தெரியாது. அந்த வருடம் பதினொரு பேர் சேராததால் சங்கம் லீக்கிலிருந்து விலகியது. டொக்டர் வருடாந்த விருந்தில், இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சங்கப் பற்று இல்லை என்று இருபது நிமிடம் பேசினார். அந்தப் பேச்சை நான் ஒரு பந்தியாகச் சுருக்கி அறிக்கையில் சேர்த்தேன்.

பிறகு அதிபரின் பதில் வந்தது. பயிற்சிக் கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள். மேலே கல்லூரியின் இறப்பர் முத்திரை, மை பாதிதான் பிடித்திருந்தது. பல இடங்களில் இருந்துவிட்டு இப்போதுதான் கல்லூரிக்குத் திரும்பியதாகவும், என்னுடைய கடிதம் ஒரு கட்டுத் தபாலோடு கைக்குக் கிடைத்ததாகவும் எழுதியிருந்தார். குறிப்பிட்ட மாணவர் ஆறாம் வகுப்பிலிருந்து உயர்தரம் வரை இங்கேயே படித்தவர். மூன்று வருடங்கள் கல்லூரியின் முதலாவது அணியில் பின்களத்தில் ஆடியவர். நடத்தை: திருப்தி. பதிவேடுகள் ஒன்றும் மிஞ்சவில்லை, ஆகவே இதை நினைவிலிருந்து எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுப்பு என்னுடையது. அங்கே பிள்ளைக்கு இது அவசரமாகத் தேவைப்படலாம் என்று நினைத்ததால் பதிவேடுகள் கிடைக்கும்வரை காத்திருக்கவில்லை, தாமதத்துக்கு மன்னிக்கவும்.

அவரிடம் ஒரு தாள்கூட இருக்கவில்லை. எனக்கு ஓர் அலுமாரி நிறையக் கோப்புகள் இருந்தன.

கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மனைவி சமையலறையிலிருந்து ஆருடைய கடிதம் என்று கேட்டாள். சங்கத்து விசயம் என்றேன். பிறகு, வரும் கடிதம் எதுவானாலும் செய்வதுபோல, வலப்பக்க மேல் மூலையில் பெற்ற திகதியை எழுதினேன்: செவ்வாய்க்கிழமை, நவம்பர் இருபத்தாறு.